அரங்கில் இல்லாதவர்மேல் எழும் சிரிப்பு

தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்று மக்கள் முன்னிலையில் படமாக்கப்படுவதைக் காண்பவர் அங்கே இரண்டு நிகழ்ச்சிகளைக் காண்கிறார். முதலாவது, விளக்கொளியில் நடிகர் நிகழ்த்தும் நாடகம். இரண்டாவது, இருக்கைகளில் அமர்ந்திருப்போர் நிகழ்த்தும் சிரிப்பு. வீட்டுக்கு வந்து சேரும் ஒளிபரப்பில் முதலாவது காட்சியாகவும் இரண்டாவது ஒலியாகவும் இருக்கும். நடிகரின் பெயர் தொடரின் முடிவில் எழுத்தில் வரும்; சிரித்தவர்களின் பெயர் வருவதில்லை. ஆயினும், எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எவரைக் கண்டு சிரிக்கலாம் என்பதைக் கோடிக்கணக்கான வீடுகளுக்குச் சொல்லித் தருவது அந்தப் பெயரற்ற ஒலியே. தமிழ், மலையாளத் தொலைக்காட்சிகளைப் பற்றிய ஆய்வுகள் கதை, பாத்திரம், பெண் சித்திரிப்பு, சாதிக் குறியீடு ஆகியவற்றைப் பற்றி நிறையவே பேசியிருக்கின்றன. சிரிப்பொலியை அவை இன்னும் சான்றாகக் கொள்ளவில்லை. அது ஒரு பெருங்குறை.

இந்த வடிவம் தோன்றிய வரலாற்றை முதலில் நினைவில் கொள்ள வேண்டும். 1951 அக்டோபரில் அமெரிக்காவின் சிபிஎஸ் நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கிய ‘ஐ லவ் லூசி’ தொடரை லூசில் பாலும் அவருடைய கணவர் டெசி ஆர்னாஸும் உருவாக்கினர். அக்காலத்தில் பெரும்பாலான தொடர்கள் நியூயார்க்கிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாயின. நாட்டின் மறுகோடிக்கு அவற்றின் மங்கலான படியே சென்று சேர்ந்தது. ஹாலிவுட்டை விட்டு நகர விரும்பாத அத்தம்பதியர் தொடரைத் திரைப்படச் சுருளில் எடுக்க முன்வந்தனர். ஆனால், மக்கள் எதிரே இருந்தால்தான் லூசில் பாலின் நடிப்பு சுடர்விடும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இவ்விரு தேவைகளையும் இணைத்தவர் ஒளிப்பதிவாளர் கார்ல் பிராயிண்ட். 1927இல் வெளியான ‘மெட்ரோபோலிஸ்’ படத்தின் ஒளிப்பதிவாளர்களுள் ஒருவர் அவர். மூன்று படக்கருவிகள் ஒரே நேரத்தில் இயங்கவும், ஒவ்வொரு கோணத்துக்கும் விளக்கை மாற்றி வைக்காமல் காட்சி தொடர்ந்து நடக்கவும் ஏற்ற பரவலான ஒளியமைப்பை அவர் வகுத்தார். ஏறத்தாழ 300 பேர் அமர்ந்த இருக்கைகளுக்கு மேலே ஒலிவாங்கிகள் தொங்கின. நாடகமேடையின் உயிர்ப்பும் திரைப்படத்தின் நிலைபேறும் ஒருங்கே கிடைத்தன. ஒருமுறை சிரித்த அந்த 300 பேரின் ஒலி, மறு ஒளிபரப்பு என்னும் வணிகத்தின் வழியே பல பத்தாண்டுகள் வாழ்ந்தது.

படப்பிடிப்பைக் காணச் செல்பவர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, அங்கே பெரும்பகுதி நேரம் காத்திருப்பிலேயே கழிகிறது. இருபத்திரண்டு நிமிடக் கதைக்குப் பல மணி நேரம் ஆகும். படக்கருவிகள் இடம் மாறும், ஒப்பனை சரிசெய்யப்படும், ஒரே காட்சி இரண்டு மூன்று முறை நடிக்கப்படும். இடைவேளைகளில் கூட்டத்தின் உற்சாகம் வடியாமல் பார்த்துக்கொள்ள ஒரு கலைஞர் தனியே அமர்த்தப்பட்டிருப்பார். இத்தனைக்கும் நடுவே ஒரு நகைச்சுவை வரி விழுந்து, எவரும் சிரிக்காமல் போகும் கணமே அந்த மாலையின் மிக முக்கியமான கணம். எழுத்தாளர்கள் தளத்தின் ஓரத்தில் கூடி, வரியை அங்கேயே மாற்றி எழுதி, நடிகரிடம் தருவார்கள். அடுத்த முறை சிரிப்பு எழும்; அல்லது மீண்டும் எழாது. அந்த மௌனமே பார்வையாளரின் அதிகாரம். சிரிக்க மறுக்கும் உரிமை இருக்கும்வரை அவர் அந்தத் தொடரின் முதல் விமர்சகர்; ஒருவகையில் அதன் இணையாசிரியரும்கூட.

அந்த உரிமையைப் பறிக்கும் கருவியும் அதே பத்தாண்டில் வந்துவிட்டது. சிபிஎஸ் நிறுவனத்தின் ஒலிப்பொறியாளரான சார்லி டக்ளஸ் 1950களில் ஒரு பெட்டியை அமைத்தார். தட்டச்சுப் பொறியின் விசைகளை ஒத்த விசைகளை அழுத்தினால், நாடாவில் பதிந்து வைத்திருந்த முறுவல், கெக்கலி, வெடிச்சிரிப்பு எனத் தேவையானது தேவையான அளவில் ஒலிக்கும். மக்கள் முன்னிலையில் எடுக்கப்படாத தொடர்களும் மக்கள் சிரித்ததாகக் காட்டிக்கொள்ள இது வழிசெய்தது. உண்மையாகவே மக்கள் முன் எடுக்கப்பட்ட தொடர்களிலும் சிரிப்பு குன்றிய இடங்களை நிரப்ப இதே பெட்டி உதவியது. 1980களில் ‘சியர்ஸ்’ தொடர் தன் அத்தியாயங்களின் தொடக்கத்தில், இது மக்கள் முன்னிலையில் படமாக்கப்பட்டது என்று அறிவிக்க நேர்ந்தது இதனால்தான். மெய்யான சிரிப்புக்கும் சான்றிதழ் தேவைப்பட்டது.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் உண்டு. கொரியப் போர்க்களத்து மருத்துவமனையைக் களமாகக் கொண்ட ‘மாஷ்’ தொடருக்கு (1972–1983) பதிவுச் சிரிப்பு வேண்டாமென்று அதை உருவாக்கியோர் வாதிட்டனர், நிறுவனம் இணங்கவில்லை. ஆனால் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் நிகழும் காட்சிகளில் சிரிப்பொலி சேர்ப்பதில்லை என்ற உடன்பாடு எட்டப்பட்டது. பிரிட்டனில் பிபிசி அத்தொடரைச் சிரிப்பொலி இன்றியே ஒளிபரப்பியது. குருதி வழியும் உடலின் முன் எவரும் சிரித்ததாகக் காட்டலாகாது என்பது தொழில்நுட்ப முடிவு அன்று. அறம் சார்ந்த முடிவு. சிரிப்பொலி வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் அந்த உடன்பாட்டுக்குத் தேவையே இருந்திராது.

பிறர் சிரிப்பது ஒருவரைச் சிரிக்க வைக்கும் என்பதற்கு உளவியல் ஆய்வுகள் சான்று தருகின்றன. தனித்திருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறருடன் இருக்கையில் மனிதர் 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கின்றனர் என்று ராபர்ட் புரொவைன் கண்டறிந்தார். 2019இல் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரி ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மிகச் சாதாரணமான நகைச்சுவைத் துணுக்குகள்கூடச் சிரிப்பொலியுடன் கேட்கப்பட்டபோது கூடுதல் சுவையுடையனவாக மதிப்பிடப்பட்டன. வலிந்து எழுப்பிய சிரிப்பைவிடத் தானாக எழுந்த சிரிப்புக்கு அந்த ஆற்றல் மிகுதி என்பதும் அதில் தெரியவந்தது. ஆன்றி பெர்க்சன் 1900இல் வெளியிட்ட ‘சிரிப்பு’ நூலிலேயே, சிரிப்புக்கு எதிரொலி தேவை, அது எப்போதும் ஒரு குழுவின் சிரிப்பு என்று வாதிட்டிருந்தார்.

தமிழ் மரபு இதை இன்னும் முன்னதாகவே எண்ணிப் பார்த்திருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறது. அதன் நிலைக்களன்களாகப் பேதைமையையும் மடனையும் இளமையையும் எள்ளலையும் சுட்டுகிறது. நடிப்போன் நிகழ்த்தியது காண்போரைச் சென்று சேர்தலே மெய்ப்பாடு என்ற செயிற்றியனாரின் கருத்தை உரைமரபு எடுத்தாள்கிறது. அதன்படி, காண்போர் இல்லாத இடத்தில் மெய்ப்பாடு முழுமை அடைவதில்லை. காண்போரின் உடலில் தோன்ற வேண்டிய மெய்ப்பாட்டை முன்கூட்டியே நாடாவில் பதிந்து ஒட்டுவதற்கு இந்தக் கோட்பாட்டில் இடமில்லை. நகையின் நான்கு நிலைக்களன்களுள் எள்ளலும் ஒன்று என்பதையும் கருத வேண்டும். எள்ளப்படுபவர் அவையில் இருக்கிறாரா இல்லையா என்ற வினா, நகையைப் பற்றிய எந்தச் சிந்தனையிலும் தவிர்க்க இயலாதது.

தமிழகத்தில் அமெரிக்கத் தொடரின் மக்கள் முன்னிலைப் படப்பிடிப்புக்கு நிகரான வடிவம் தொலைக்காட்சி நிலையத்தில் பிறக்கவில்லை. சென்னையின் சபாக்களில் பிறந்தது. 1952இல் ஒய்.ஜி. பார்த்தசாரதியும் பட்டுவும் தொடங்கிய யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ், சோவின் மேடைகள், காத்தாடி ராமமூர்த்தி, எஸ்.வி. சேகரின் நாடகப்ரியா, 1979இல் உருவான கிரேசி கிரியேஷன்ஸ் என நீளும் அந்த மரபில் பார்வையாளர் சிரிப்பு பிரதியின் பகுதியாகவே இருந்தது. 1976இல் நாடகப்ரியாவுக்காக மோகன் எழுதிய ‘கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்’ நாடகமே அவருடைய பெயருக்கு முன் ‘கிரேசி’ என்ற அடையைச் சேர்த்தது. ஒரு சிலேடை விழுந்து, சிரிப்பு எழுந்து, உச்சம் தொட்டு, இறங்கத் தொடங்கும் கணத்தில் அடுத்த வரியைத் தொடுக்க வேண்டும். முந்தினால் வசனம் மூழ்கும். பிந்தினால் மேடை தளரும். இந்த அளவை எந்தக் கையெழுத்துப் பிரதியிலும் காண இயலாது. நூறு மேடைகளில் நூறு கூட்டங்கள் கற்றுத்தந்த அளவு அது.

‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகம் கே. பாலசந்தரின் இயக்கத்தில் 1983இல் ‘பொய்க்கால் குதிரை’ என்ற திரைப்படமானது. திரையில் அந்த இடைவெளிகளை நிரப்பக் கூட்டம் இல்லை. ஒலிநாடாக்களில் வெளிவந்த நாடகங்களில் கூட்டம் இருந்தது. எண்பதுகளில் எஸ்.வி. சேகர் நாடகங்களின் ஒலிநாடாவைக் கேட்டு வளர்ந்த வீடுகளுக்கு வசனத்தைப் போலவே அரங்கச் சிரிப்பும் மனப்பாடம். தமிழில் மெய்யான பார்வையாளர் சிரிப்பைத் தாங்கிய மிகச் சிறந்த ஆவணங்கள் ஒளிபரப்பு நிறுவனங்களின் பேழைகளைவிட, வீட்டு அலமாரிகளில் பூஞ்சை பிடித்துக் கிடக்கும் அந்த ஒலிநாடாக்களிலேயே எஞ்சியிருக்கக்கூடும்.

ஆனால் அந்தச் சபாச் சிரிப்பையும் புனிதப்படுத்திவிடக் கூடாது. சபா என்பது உறுப்பினர் சந்தாவால் இயங்கிய அமைப்பு. மயிலாப்பூர், தியாகராய நகர், மாம்பலம் ஆகிய பகுதிகளின் நடுத்தர வகுப்பினர், அவர்களிலும் மிகுதியாக ஒரு சாதியினர், அதன் இருக்கைகளில் அமர்ந்தனர். அந்நாடகங்களில் சமையற்காரரும் வீட்டு வேலைக்காரரும் ரிக்‌ஷா ஓட்டுநரும் சென்னைத் தமிழ் பேசி நுழைந்த கணமே, அவர் என்ன சொன்னார் என்று கேட்கும் முன்னரே சிரிப்பு எழுந்ததுண்டு. அந்த மொழியைப் பேசுவோர் அரங்கின் வாயிலுக்கு வெளியே வண்டிகளுடன் காத்திருந்தனர். ஒருவேளை அவர்கள் உள்ளே அமர்ந்திருந்தால், அதே நுழைவுக்கு வேறொரு சிரிப்பு எழுந்திருக்கும்; அல்லது மௌனம் எழுந்திருக்கும். மெய்யான சிரிப்பு என்பதனாலேயே அது நேர்மையான சிரிப்பு ஆகிவிடாது.

செயற்கைக்கோள் தொலைக்காட்சி இந்த அமைப்பை வேறு திசையில் மாற்றியது. 2005இல் விஜய் தொலைக்காட்சி தொடங்கிய ‘கலக்கப் போவது யாரு’, அதைத் தொடர்ந்து சன் தொலைக்காட்சியில் வந்த ‘அசத்தப் போவது யாரு’, மலையாளத்தில் ஏசியாநெட்டின் ‘காமெடி ஸ்டார்ஸ்’ போன்ற நிகழ்ச்சிகள் சபாவின் வாயில்களைத் திறந்துவிட்டன என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். திருச்சி, மதுரை, புதுக்கோட்டை வட்டாரத்து இளைஞர்கள் தங்கள் பேச்சுவழக்குடன் மேடையேறினர். அவர்களுள் சிவகார்த்திகேயனைப் போன்றோர் திரையுலகின் முதல் வரிசைக்கும் சென்றனர். மேடை விரிந்தது. அதே காலத்தில் பார்வையாளர் சுருங்கினார். இந்த நிகழ்ச்சிகளில் நடுவர் என்றொரு புதிய பாத்திரம் பிறந்தது. உயர்ந்த இருக்கையில் அமர்ந்து, நாற்காலியிலிருந்து சரிந்து, மேசையைத் தட்டிச் சிரிக்கும் அவருடைய முகமே அண்மைக் காட்சியில் திரையை நிறைக்கிறது. பின்னால் இருக்கும் கூட்டம் வண்ண விளக்குகளைப் போல ஒரு பின்னணி. கூட்டத்தினர் கூலிக்கு அழைத்து வரப்படுவதும், கைதட்டவும் சிரிக்கவும் தளத்தில் சைகை தரப்படுவதும் இந்தத் துறையில் எவருக்கும் வியப்பளிக்கும் செய்தி அல்ல. ஓரிடத்தில் சிரித்த முகத்தை வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டுவது படத்தொகுப்பின் அன்றாட வேலை.

கூலி வாங்கிக்கொண்டு சிரிப்பவரை இதற்காகக் குறைகூறுவது அநீதி. விளக்கு வெப்பத்தில் பல மணி நேரம் உட்கார்ந்து, சொன்னபோதெல்லாம் கைதட்டும் அவர் செய்வது உழைப்பு. அந்த உழைப்புக்குப் பெயரும் இல்லை, போதிய ஊதியமும் இல்லை என்பதே பேசப்பட வேண்டியது. குறை வேறிடத்தில் இருக்கிறது. சிரிக்காமல் இருக்கும் உரிமையை இழந்த பார்வையாளர் பார்வையாளர் அல்லர். 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் அரங்குகள் வெறுமையான பின்னரும் நகைச்சுவை நிகழ்ச்சிகள் சிரிப்பொலியுடன் தொடர முடிந்தது. கூட்டம் இல்லாமற்போனதன் இழப்பு திரையில் பெரிதாகத் தெரியவில்லை என்றால், கூட்டத்தின் தீர்ப்பு அதற்கு நெடுநாள் முன்பே நீக்கப்பட்டிருந்தது என்பதே அதன் பொருள்.

தென் திருவிதாங்கூர் நிலத்துக்கு உரிய வில்லுப்பாட்டில் பார்வையாளர் சார்பில் மேடையில் அமரும் ஒருவர் உண்டு. தலைமைப் புலவர் ஒரு செய்தியைச் சொல்ல, அருகிலிருப்பவர் ‘ஆமாம்’ என்பார். இதிலிருந்தே ‘ஆமாம் போடுதல்’ இழிபொருளில் வழங்குகிறது என்று எண்ணுவது எளிது. ஆனால் அவர் ஆமாம் மட்டும் போடுவதில்லை. அதெப்படி என்று கேட்பார், புரியவில்லை என்பார், குறுக்கே ஐயம் எழுப்பிக் கதையைத் திருப்புவார். நாகர்கோவில் ஒழுகினசேரியில் பிறந்த என்.எஸ். கிருஷ்ணனின் நகைச்சுவைக்கு இந்தக் கேள்வி–மறுமொழி அமைப்பு பெரிதும் உரம் தந்திருக்க வேண்டும். இன்றைய நடுவர் அந்தத் துணைப்பாடகரின் இடத்தில் அமர்ந்திருக்கிறார். ஆமாம் மட்டும் எஞ்சி, அதெப்படி மறைந்துவிட்டது.

கேரளத்தின் வரலாறு இதனுடன் ஒத்தும் மாறுபட்டும் செல்கிறது. கொச்சி கலாபவன் 1981இல் எர்ணாகுளத்தில் அரங்கேற்றிய ‘மிமிக்ஸ் பரேட்’ மலையாள நகைச்சுவையின் திருப்புமுனை. சித்திக், லால் உள்ளிட்ட இளைஞர் அறுவர் திருவிழா மேடைகளுக்கென ஒரு புதிய வடிவத்தை உருவாக்கினர். அதன் முழு இலக்கணமும் எதிரே நிற்கும் கூட்டத்தால் வகுக்கப்பட்டது. பின்னர் வந்த மலையாளக் குடும்ப நகைச்சுவைத் தொடர்களோ கூட்டத்தைக் கைவிட்டன. 2011இல் தொடங்கிய ‘மறிமாயம்’ அரசு அலுவலகங்களின் நடைமுறைகளைக் கேலி செய்கிறது. 2015இல் தொடங்கிய ‘உப்பும் முளகும்’ ஒரு வீட்டின் அறைகளுக்குள் இயங்குகிறது. இவை மக்கள் முன்னிலையில் எடுக்கப்பட்டவை அல்ல. நான்கு சுவர்களும் உள்ள இடத்தில் பார்வையாளருக்கு இருக்கை போட இயலாது. நடிகரின் பேச்சு இயல்பானது, இடைவெளிகள் அன்றாட வாழ்வின் இடைவெளிகளாயின. படக்கருவி எங்கும் செல்லலாம் என்றானது. வேண்டுமானால் திருவனந்தபுரத்திலிருந்து கல்லாறு வழியே இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளையும் கடந்து பொன்முடிக்கே அது ஏறலாம். முன்னூறு இருக்கைகள் ஏற முடியாது. திரைக்கு மலையும் மூடுபனியும் கிடைத்தன. எதிரிலிருந்து வரும் தீர்ப்பு போயிற்று.

பொன்முடியைப் பற்றிப் பேச இன்னொரு காரணமும் உண்டு. அந்த மலைச்சரிவுகளின் தேயிலைத் தோட்டங்களில், தமிழகத்தின் தென்மாவட்டங்களிலிருந்து வந்து தங்கிய தொழிலாளர்களின் வழித்தோன்றல்களும் வாழ்கின்றனர். வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசும் மக்கள் கேரளத்தின் மலைத்தோட்டங்களில் பலர். அவர்களுடைய வீடுகளில் இரு மொழி அலைவரிசைகளும் ஓடுகின்றன. இரு பக்கத்துச் சிரிப்பும் அங்கே வந்து சேர்கிறது. மலையாள நகைச்சுவையில் ‘பாண்டி’ என்ற சொல்லும், கொச்சையாக மலையாளம் பேசும் தமிழரும், அழுக்குச் சட்டையும் பட்டையான திருநீறுமாக வரும் கூலிக்காரரும் நெடுங்காலம் எளிதில் சிரிப்பைத் தந்த பாத்திரங்கள். தமிழ் நகைச்சுவை இதற்குச் சற்றும் குறைந்ததன்று. தேநீர்க்கடை நாயரின் உச்சரிப்பும், மலையாளப் பெண்ணைப் பற்றிய கீழ்த்தரமான குறிப்புகளும் தமிழ்த் திரையிலும் தொலைக்காட்சியிலும் கைதட்டல் வாங்கியே வந்திருக்கின்றன. எல்லையின் இருபுறமும் அரங்கம் சிரிக்கிறது. இருபுறமும் சிரிக்கப்படுபவர் அந்த அரங்கத்தில் இல்லை.

ஆனால் அவர் வீட்டில் இருக்கிறார். ஒளிபரப்பு அங்கே வந்து சேர்கிறது. தொலைக்காட்சிச் சிரிப்பின் தனித்த சிக்கல் இதுவே. ஊர்த் திண்ணையில் இல்லாதவரைப் பற்றிச் சொல்லும் கேலி திண்ணையோடு போய்விடும். சபா நாடகத்தின் கேலி அந்த மாலையோடு போய்விடும். ஒளிபரப்பின் கேலி, யாரைக் கேலி செய்ததோ அவருடைய முன்னறைக்கே, சிரிப்பவர்களின் ஒலியையும் உடன் சுமந்து வருகிறது. தோட்டத் தொழிலாளியின் மகள் தன் தாயின் உச்சரிப்பை ஒருவர் நடித்துக்காட்டுவதைத் திரையில் பார்க்கும்போது, அந்த நடிப்பு அவளுக்குச் சிரிப்பைத் தரலாம், தராமலும் போகலாம். அவள் எதுவும் முடிவு செய்யும் முன்னரே முன்னூறு பேர் சிரித்துவிடுகின்றனர். சிரிக்காவிட்டால் அவளுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை. சிரித்தால் தாய்மீது சிரித்தவள் ஆகிறாள். பதிவுச் சிரிப்பு அவளுக்குத் தரும் தேர்வுகள் இவ்விரண்டுமே.

அவையில் யார் அமரலாம் என்ற வினா இந்நிலத்துக்குப் புதியதன்று. சாக்கியார் கூத்தில், மேடையிலிருக்கும் சாக்கியார் அரசனையும் கேலி செய்யலாம், எதிர்ப்பேச்சு கூடாது என்பது மரபு. நகைச்சுவையின் சுதந்திரத்துக்கு அதைச் சான்றாகக் காட்டுவோர் அக்கூத்து கோயில் வளாகத்துக் கூத்தம்பலத்தில் நிகழ்ந்தது என்பதையும், திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 அன்று வெளியான ஆலயப் பிரவேச விளம்பரத்துக்கு முன் ஒடுக்கப்பட்ட சாதியார் அந்த வளாகத்துள் கால்வைக்க இயலாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பைங்குளம் ராம சாக்கியார் 1949இல் அக்கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தபோது அதன் இடம் மட்டும் மாறவில்லை; யாரை நோக்கி எதைச் சொல்வது என்பதும் மாற வேண்டியிருந்தது. அவை மாறினால் நகையும் மாறும்.

பல மொழிவழக்கினரை ஒருங்கே அமரச் செய்த நகைச்சுவைக்கும் தமிழில் முன்மாதிரி உண்டு. இலங்கை வானொலியில் எஸ். ராமதாஸ் உருவாக்கிய ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடரில் மரைக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என நால்வர். முஸ்லிம் மக்களின் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், பிராமணத் தமிழ் ஆகிய நான்கும் ஒரே கூடத்தில் மோதிக்கொண்டன. மரைக்காராக ராமதாஸும், ஐயராக அப்துல் ஹமீதும் பேசினர். ஒரு சமூகத்தின் வழக்கை வேறொரு சமூகத்தவர் பேசினார். ஒருவர் மற்றவரைக் கேலி செய்தால் அடுத்த வரியில் அது திரும்பி வரும். இயல்பான மொழி, கொச்சை மொழி என்ற பிரிவே அங்கே இல்லை. எல்லாருடைய மொழியும் கொச்சை, எல்லாருடையதும் இயல்பு. அது 1976இல் ‘கோமாளிகள்’ என்ற திரைப்படமாகவும் வந்தது. அந்தத் தீவு சில ஆண்டுகளிலேயே எந்த வழியில் சென்றது என்பதை எண்ணும்போது, நால்வர் மாறி மாறிச் சிரித்துக்கொண்ட அந்தக் கூடத்தின் அருமை விளங்கும்.

இவ்வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, நகைச்சுவையை இவ்வாறு எடைபோட்டால் சிரிப்பே மிஞ்சாது என்பது. சிரிப்பின் அளவைக் குறைப்பது இங்கே நோக்கம் அன்று. சிரிக்காமல் இருக்கும் உரிமையைத் திருப்பித் தருவதே நோக்கம். மௌனத்தை எதிர்கொண்டு வரியை மாற்றி எழுதும் எழுத்தாளர் இன்னும் நல்ல வரியை எழுதுகிறார் என்பதைப் பல பத்தாண்டுகளின் மேடை அனுபவம் காட்டியிருக்கிறது.

இரண்டாவது மறுப்பு, அரங்கப் பார்வையாளரை அறவே நீக்கிவிடுவதே தூய்மையான தீர்வு என்பது. ‘மறிமாயம்’ போன்ற தொடர்களின் வலிமை இதற்குத் துணைநிற்கிறது. வீட்டிலிருப்பவர் தாமே முடிவு செய்யட்டும் என்ற அந்த மரியாதை போற்றத்தக்கது. ஆனால் அரங்கச் சிரிப்பு நீங்கிய இடத்தில் அத்தொடர்கள் பலவற்றில் வேறு ஒலிகள் வந்து அமர்ந்தன. ‘டொய்ங்’ என்னும் கம்பியொலியும், சறுக்கும் குழலொலியும், ஒரே பாவனையை மும்முறை காட்டும் படத்தொகுப்பும் பழைய பெட்டியின் வேலையையே செய்கின்றன. சிரிக்க வேண்டிய இடம் இன்னமும் சுட்டிக்காட்டப்படுகிறது. சுட்டுபவர் மட்டும் மனிதராக இல்லை.

மூன்றாவது மறுப்பு கனமானது. எள்ளப்படுபவரை அவையில் அமர்த்தினால் போதுமா, சிறுபான்மையாக அமர்ந்திருப்பவர் பெரும்பான்மையோடு சேர்ந்து சிரித்துத்தானே ஆக வேண்டும் என்பது அது. உண்மைதான். முன்னூறு பேருக்கு நடுவே மௌனமாக இருப்பதற்குத் துணிவு வேண்டும்; அத்துணிவை நலிந்தவரிடம் எதிர்பார்ப்பது முறையன்று. இருக்கைகள் மட்டும் மாறினால் போதாது. எழுதும் மேசையும் மாற வேண்டும். தோட்டத்துத் தமிழை அறிந்த ஒருவர் எழுதும் மேசையில் அமர்ந்தால், அந்த மொழியில் உள்ள நகைச்சுவை வெளியே வரும். அந்த மொழியைப் பார்த்து எழும் நகைச்சுவைக்கு அதன்பின் தேவை குறையும். நிலாவைப் போலத் தொலைவிலிருந்து பார்த்துச் சிரிப்பவருக்கு அங்கே ஒரே ஒரு ‘கூலிக்காரர்’ தெரிகிறார். அருகிலிருப்பவருக்கோ கங்காணியைப் போலப் பேசிக்காட்டும் பாட்டியும், மேலாளரின் ஆங்கிலத்தை நடித்துக்காட்டும் சிறுவனும் தெரிவார்கள். கேலியின் திசை தானாகவே மேல்நோக்கித் திரும்பும்.

ஆய்வுலகம் செய்யக்கூடிய பணிகள் தெளிவானவை. படப்பிடிப்பு அரங்கம் ஒரு களஆய்வு நிலம். அங்கே யார் எவ்வாறு அழைத்துவரப்படுகின்றனர், எவர் முன்வரிசையில் எவர் பின்வரிசையில், சைகை தருபவர் யார், எந்த வரி எத்தனை முறை எடுக்கப்பட்டது, எவ்விடத்தில் கூட்டம் தானாகச் சிரித்தது, எவ்விடத்தில் சைகைக்குப் பின் சிரித்தது என்பதைக் குறித்துக்கொண்டு, பின்னர் ஒளிபரப்பான வடிவத்துடன் ஒப்பிட வேண்டும். அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடே அந்த நிகழ்ச்சியின் அரசியல். 1975இல் சென்னைத் தொலைக்காட்சி நிலையமும், 1985இல் திருவனந்தபுரத்தில் மலையாள ஒளிபரப்பும் தொடங்கிய காலந்தொட்டு வந்த நகைச்சுவை நிகழ்ச்சிகளின் எஞ்சிய பதிவுகளும், தனியார் வீடுகளிலுள்ள நாடக ஒலிநாடாக்களும் எண்ணிமப்படுத்தப்பட வேண்டும். அவற்றைப் பட்டியலிடும்போது ‘சிரிப்பொலி: உண்டு, மெய், சேர்ப்பு’ என ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும். பழைய ஓலைச்சுவடியில் ஓரக்குறிப்பை விட்டுவிட்டுப் பதிப்பிக்கும் ஆசிரியரை எவரும் மன்னிப்பதில்லை. சிரிப்பொலி ஒளிபரப்பின் ஓரக்குறிப்பு.

இரு மொழி எல்லையில் அமைந்திருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. கேரளப் பல்கலைக்கழகத்திலும் குமரி, நெல்லைக் கல்லூரிகளிலும் பயிலும் மாணவர் பலருக்கு இரு பக்கத்து நகைச்சுவையும் மொழிபெயர்ப்பின்றிப் புரியும். எங்கே எந்தப் பக்கம் சிரிக்கிறது, எந்தப் பக்கம் சிரிக்காது என்பதும் புரியும். அந்த இருகாது கேள்வி அரிய கருவி. பொன்முடி போன்ற தோட்டங்களின் வீடுகளில் மாலை வேளையில் அமர்ந்து, திரையைப் பார்க்காமல் திரையைப் பார்ப்பவர்களைக் கவனிக்கும் ஓர் ஆய்வு, எந்த அலைவரிசையின் தரவரிசைப் புள்ளிகளும் சொல்லாத ஒன்றைச் சொல்லும். முன்னூறு பேர் சிரித்த இடத்தில் அந்த அறை எவ்வளவு நேரம் அமைதியாக இருந்தது என்பதை எவரேனும் முதன்முறையாக அளந்து எழுத வேண்டும்.